ஐந்தாவது கோடு

மறுநாள் மாலை நாலு மணிக்கு அச்சகத்து ஆள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் நூற்று எண்பத்தொரு படங்களையும் கடைசியாக ஒருமுறை பார்த்து, கோடு எங்கேனும் விட்டுப்போயிருந்தால் மை தொட்டு, மூலையில் கையெழுத்திட்டு அடுக்கிவைக்க வேண்டும். இரட்டைக் கண்ணாடி நூற்றுப் பதினொன்று வரை வந்துவிட்டாள். வினை நூற்றுப் பன்னிரண்டில் காத்திருந்தது.

இரட்டைக் கண்ணாடி என்பது அருங்காட்சியகத்தில் அவளுக்கு விழுந்த பெயர். கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி மூக்கின்மேல்; அதைவிடக் கிட்டத்தில் பார்க்க இன்னொன்று கழுத்துக் கயிற்றில். வேலை மும்முரத்தில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொள்வாள். "ரெண்டையும் மாட்டிட்டா, பெட்டிக்குள்ள படுத்திருக்கிறவன் மூச்சு விடுறதுகூட இவளுக்குத் தெரியும்" என்று நிலவறைக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கேலி செய்வார். அவள் சிரிக்கமாட்டாள். சிரித்தால் மேல் கண்ணாடி நழுவும்.

பழைய எகிப்துக் கல்வெட்டுகளைக் கோட்டுப்படமாக வரைவது அவள் வேலை. புகைப்படம் இருக்கும்போது படம் எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். புகைப்படத்துக்கு எழுத்தும் ஒன்றுதான், கல்லில் விழுந்த கீறலும் ஒன்றுதான். எது உளி பட்ட இடம், எது காலம் பட்ட இடம் என்று பிரித்துச் சொல்ல ஒரு கண்ணும், கண் சொன்னதை மாற்றிச் சொல்லாத ஒரு கையும் வேண்டும். வெளிச்சம் எப்போதும் இடப்பக்க மேல்மூலையிலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டு, குழிந்த எழுத்துக்கு மேல்விளிம்பில் தடித்த கோடு. புடைத்த எழுத்துக்குக் கீழ்விளிம்பில் தடித்த கோடு. கல் சிதைந்து, ஆனாலும் இன்னதுதான் இருந்திருக்கும் என்று சொல்லக்கூடிய இடத்துக்குப் புள்ளிக்கோடு. அவ்வளவுதான் அந்தத் தொழிலின் சட்டம். பதினாறு வருஷமாக அவள் அந்தச் சட்டத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்தி வந்தாள்.

நூற்றுப் பன்னிரண்டு ஒரு சின்னக் கல். அரண்மனையில் செருப்புத் தைத்தவர்களுக்கு மேலாளாக இருந்த ஒருவனின் கல்லறைக் கல். ஆள் உயரத்தில் பாதிகூட இருக்காது. ஆனால் அவளுடைய மேலதிகாரியான பேராசிரியர் எழுதி, இந்தப் படங்களோடு அச்சுக்குப் போகும் புத்தகம் மொத்தமும் அதன் தலைமேல்தான் நின்றது. அப்போது ஆண்ட சிற்றரசன் பதினாலாம் ஆண்டோடு போய்ச்சேர்ந்துவிட்டான் என்று இந்தப் படிப்புப் படித்தவர்கள் எல்லோரும் எழுதிவைத்திருக்க, இல்லை, பதினைந்தாம் ஆண்டிலும் இருந்தான், இதோ செருப்புக்காரர்களின் மேலாள் சாட்சி என்று அவர் ஒருவர்தான் சொன்னார். கல்லின் முதல் வரியில் ஒரு வளைவு, ஐந்து கோடு. வளைவு என்றால் பத்து; கோடு ஒவ்வொன்றும் ஒன்று. மேலே மூன்று, கீழே இரண்டு. புத்தகத்தின் பெயரே 'பதினைந்தாம் ஆண்டு'. அட்டையின் மாதிரி அச்சாகி வந்துவிட்டது. உள்ளே முதல் பக்கத்தில் பேராசிரியரின் பெயருக்குக் கீழே 'கோட்டுப்படங்கள்' என்று போட்டு அவள் பெயர். மின்கட்டண ரசீதை விட்டால் அவள் பெயர் அச்சில் வருவது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அந்தப் படத்தில் அவளுக்கு உறுத்தியது ஒரு பறவையின் கால் நகம். நகமா, கல்லின் விரிசலா? கல்லைப் போய்ப் பார்க்க வழியில்லை; அந்தக் கதை பின்னால் வரும். அதனால் தாள்படியை எடுக்க இழுப்பறைக்குப் போனாள்.

தாள்படி என்பது கல்லின் முகத்தைத் தாளில் பிடித்துவைப்பது. தடித்த தாளை நனைத்துக் கல்மேல் ஒட்ட விரித்து, கெட்டிமயிர் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் இறக்கி, காய்ந்ததும் உரித்தெடுப்பார்கள். குழியெல்லாம் தாளில் மேடாக நிற்கும். அந்தக் கல்லுக்குப் படி எடுத்தது பேராசிரியரே. பதினோரு வருஷத்துக்கு முன்னால், தன் கையால்.

தாளை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மேசைக்குத் திரும்பியவள் ஜன்னலைத் தாண்டும்போது, வெயில் பின்பக்கத்திலிருந்து தாளுக்குள் பாய்ந்தது. வழக்கமாக அந்த ஜன்னலில் திரை தொங்கும். அன்றைக்குத் துவைக்கப் போட்டிருந்தார்கள். எழுத்துகள் விளக்குப் போட்டது மாதிரி எரிந்தன. தூரிகை தட்டின இடமெல்லாம் தாள் இழுபட்டு மெலிந்திருந்ததால் வெளிச்சம் அங்கே கூடுதலாகக் கசிந்தது. வளைவு எரிந்தது. கீழ் வரிசைக் கோடு இரண்டும் எரிந்தன. மேல் வரிசையில் முதல் கோடு, இரண்டாவது கோடு. மூன்றாவது மட்டும் கறுத்திருந்தது.

அவள் இரண்டாவது கண்ணாடியையும் மாட்டினாள். மெலிந்தால் வெளிச்சம், கறுத்தால் தாள் அங்கே இரட்டையாக இருக்கிறது. இரட்டையாக இருந்தால் அது மடிப்பு. ஈரத்தாளில் தூரிகை இழுத்துவிட்ட ஒரு சுருக்கம், கோடு அளவுக்கு, கோடு இருக்கவேண்டிய இடத்தில். அதன் கீழ்நுனி வரியின் எல்லைக்கோட்டை ஒரு மயிரிழை தாண்டியும் இருந்தது. எந்த உளிக்காரனும் அப்படித் தாண்டமாட்டான்.

தாளை இழுப்பறையில் வைத்து மூடினாள். மேசைக்கு வந்து நூற்றுப் பதிமூன்றை எடுத்துப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள், நூற்றுப் பதினான்கை எடுத்தாள். கை பாட்டுக்கு வேலை செய்தது.

அவள் இந்த வேலைக்கு வந்தது இயந்திர பாகங்கள் வரைகிற ஒரு கம்பெனியிலிருந்து. திருகாணி, பல்சக்கரம், வால்வு. கம்பெனி இழுத்து மூடியதும் ஆறு மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு அருங்காட்சியகத்துக்கு வரைவாளர் தேவை என்று பார்த்து வந்தாள். வந்த ஒன்பது பேருக்கும் பேராசிரியர் ஒரே உடைந்த கல்லைக் காட்டி வரையச் சொன்னார். கல்லில் ஒரு பறவை. தலை இருந்த இடம் பெயர்ந்துபோயிருந்தது. எட்டுப் பேர் பறவைக்குத் தலை வைத்துக் கொடுத்தார்கள், ஒருவர் கண்ணும் வைத்து. இவள் முண்டமாகவே கொடுத்தாள்.

"ஏம்மா, தலை எங்க?"

"கல்லுல இல்லையே சார்."

வேலை கிடைத்துவிட்டது. கூடவே ஒரு கட்டளையும் கிடைத்தது. "இந்த எழுத்தைப் படிக்க மட்டும் கத்துக்காத. படிக்கத் தெரிஞ்சவன் கண்ணு, இருக்கிறதைப் பாக்காது, இருக்கணும்ங்கிறதைப் பாக்கும். வரையுறது உன் வேலை, படிக்கிறது என் வேலை. ரெண்டும் ஒரு தலைக்குள்ள இருக்கக்கூடாது."

அவளுக்கு அது பிடித்திருந்தது. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆந்தையும் பாம்பும் கையும் கண்ணும் அவளுக்கு வெறும் வளைவுகள். ஒன்றும் புரியாத வீட்டில் ஒண்டிக் குடித்தனம் இருப்பது மாதிரி, யார் சண்டையிலும் தலையிடாமல், வரைந்து வரைந்து வயதானாள்.

ஒரே ஒரு முறை கட்டளையை மீறினாள். மகளுக்கு அப்போது எட்டு வயது. அருங்காட்சியகத்து வாசலில் சீட்டுக் கொடுக்கிற இடத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு மெல்லிய புத்தகம் விற்றார்கள். அதில் ஒரு பக்கம் எண்கள். வளைவு பத்து, கோடு ஒன்று, சுருட்டிய கயிறு நூறு. மகள் அந்தப் பக்கத்தை உருப்போட்டு, வீட்டில் பார்த்ததையெல்லாம் எகிப்து எண்ணில் எழுதினாள். "அம்மா, அஞ்சு எழுதும்போது சும்மா வரிசையா போடக்கூடாது. மேல மூணு, கீழ ரெண்டு. நாலுன்னா ரெண்டு ரெண்டு." பிள்ளையோடு விளையாடினதில் இவளுக்கும் ஒட்டிக்கொண்டது. பேராசிரியரிடம் சொல்லவில்லை. எண் ஒரு எழுத்தா என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் செருப்புக்காரர்களின் மேலாள், கல்லாக இல்லை, தாள்படியாக, அவள் மேசைக்கு வந்தான்.

இப்போது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. மேல் வரிசையில் மூன்றாவது கோடு மற்ற இரண்டோடு ஒட்டாமல் இடித்துக்கொண்டு நின்றது அப்போதே கண்ணில் பட்டது. கை தயங்கியதும் உண்மை. ஆனால் கீழே இரண்டு, மேலே மூன்று என்றால் ஐந்து. கணக்குச் சரியாக இருக்கிறதே, உளிக்காரனுக்கு அன்றைக்குக் கை சரியில்லை போலிருக்கிறது என்று தலை சொன்னது. கை கேட்டுக்கொண்டது. எண் தெரியாதவளாக இருந்திருந்தால் அதைச் சுருக்கம் என்றோ கீறல் என்றோ மெல்லிய கோட்டில் போட்டுவிட்டுப் போயிருப்பாள்.

சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கணவரிடம் எல்லாம் சொன்னாள். அவர் தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் பேசமாட்டார். இதைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"செத்து நாலாயிரம் வருஷம் ஆனவன் ஒரு வருஷம் கூடுதலா இருந்துட்டுப் போகட்டுமே. உன் வீட்டுச் சோறா திங்கப் போறான்?"

"விளையாடாதீங்க."

"விளையாடலை. நாளைக்கு நாலு மணிக்கு வண்டி போயிரும். அப்புறம் அந்த மனுஷன் புத்தகம், அந்த மனுஷன் பேரு. உன்னை யாரு கேக்கப் போறா?"

"என் பேரும் இருக்குங்க அதுல."

"அதுக்குத்தான் சொல்றேன். இத்தனை வருஷம் கழிச்சு ஒரு தடவை பேரு வருது. அதையும் நீயே போய்க் கெடுத்துக்காத."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தட்டில் விரல் நாலு கோடு இழுத்தது. ஐந்தாவது இழுக்கப் பயந்து கையைக் கழுவினாள்.

காலையில் நேராக நிலவறைக்குப் போனாள். கிடங்கு அண்ணன் அப்போதுதான் கதவைத் திறந்து, ஈரப்பதம் காட்டும் கருவியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, காலங்காத்தால கீழ இறங்கிட்ட? மேல காத்து தீந்துபோச்சா?"

"அண்ணே, செருப்புக்காரன் கல்லு தொட்டிக்குள்ள போனது எப்போ? வெளிய வந்தது எப்போ?"

அவர் சிரிப்பு நின்றது. அந்தக் கல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது உப்பு ஊறின கல். உப்பை இறக்கவென்று தண்ணீர்த் தொட்டியில் வைத்தார்கள். எட்டு மாதம் கழித்து எடுத்தபோது முகம் உப்பி, அப்பளம் மாதிரி சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. அன்றிலிருந்து கல்லில் படிக்க ஒன்றுமில்லை; உதிர்ந்த சில்லுகளுக்கு எண் ஒட்டிப் பஞ்சில் மூடிவைத்ததோடு சரி, பிறகு யாரும் திறந்து பார்த்ததில்லை. பழைய புகைப்படம் ஒன்று உண்டு. அதில் முதல் வரிமேல் சரியாக ஒரு நிழல். மிச்சம் சாட்சி இரண்டுதான்: தாள்படியும், அவள் படமும்.

அவர் பழைய நோட்டைத் தேடி எடுத்து விரலால் வரியைத் தொட்டார். "உள்ள போனது மார்ச் மூணு. வெளிய எடுத்தது நவம்பர். ஏன் கேக்கிற?"

அவள் கண்முன் நூற்றுப் பன்னிரண்டின் மூலை வந்து நின்றது. ஒவ்வொரு படமும் முடிந்ததும் பேராசிரியர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் நின்று, கோடு கோடாக ஒத்துப் பார்த்து, சரியென்றால் மூலையில் நீலப் பென்சிலால் ஒரு டிக் அடித்துத் தேதி போடுவார். அந்த டிக் விழாமல் எந்தப் படமும் படமில்லை. நூற்றுப் பன்னிரண்டில் டிக் இருந்தது. தேதி, அதே வருஷம், ஜூன் பதினொன்று. ஜூன் பதினொன்றில் கல் தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

கிடங்கு அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டார். மீதியை அவள் சொன்னாள்.

"அட கடவுளே" என்றார். கொஞ்சநேரம் சாவிக்கொத்தை உருட்டினார். "உன் தப்பை மட்டும் தனியாச் சொல்ல முடியாதே தங்கச்சி. அதைத் தூக்கினா அடியில ஒட்டிக்கிட்டு அவர் தப்பும் சேர்ந்து வருமே."

"சில்லெல்லாம் பஞ்சுல வச்சிருக்கீங்கல்ல? முதல் வரிச் சில்லு இருக்கா?"

"இருக்கு. தொடக்கூடாது. தும்மினா மாவாயிரும்."

"தொடலை. பாக்கணும்."

அவர் ஆழமில்லாத ஒரு தட்டை, தூங்குகிற குழந்தையைத் தூக்குவது மாதிரி எடுத்துவந்து வைத்தார். பஞ்சின்மேல் எண் ஒட்டிய சில்லுகள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். அவள் டார்ச்சைத் தட்டின் விளிம்போடு சாய்த்துப் பிடித்தாள். சாய்ந்த வெளிச்சத்தில் பள்ளமெல்லாம் நிழல் நிரப்பிக்கொள்ளும். ஏழாம் எண் சில்லு கட்டைவிரல் நகம் அளவு. அதில் வளைவின் வலது கால். அடுத்து ஒரு கோடு. அடுத்து இன்னொன்று. அதற்கும் அப்பால் கல் வழவழவென்று, உளியே படாமல், சில்லின் விளிம்பு வரை.

"எத்தனைண்ணே?"

"நான் எதுக்கு வம்புல..."

"எத்தனை?"

"மேல ரெண்டு" என்றார் அவர், தன் கிடங்கிலிருந்து எதையோ திருட்டுக் கொடுத்தவர் மாதிரி.

பேராசிரியர் பகல் ஒன்றரை மணிக்குத்தான் வந்தார். கையில் புத்தகத்தின் அட்டை. வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டே வந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். இந்தப் புத்தகத்துக்காகப் பத்தொன்பது வருஷம் உழைத்தவர். அவரை எதிர்த்து எழுதுகிற ஒருவர் வேறொரு பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவர் பெயரை இவர் உச்சரிப்பதில்லை. 'பதினாலு' என்றே சொல்வார். "பதினாலு இதைப் பாத்ததும் ரெண்டு நாள் சாப்பிட மாட்டான்" என்றார், அட்டையை மேசைமேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டே.

"சார், ஒரு நிமிஷம் ஜன்னல்கிட்ட வாங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் எழுந்து வந்தார். அவள் தாள்படியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். தாள் ஆடாமலிருக்க முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றிக்கொண்டாள். ஒன்றும் விளக்கவில்லை. அவருக்கு விளக்க வேண்டியதும் இல்லை. முதலில் அவர் கண் வளைவைப் பார்த்தது, பிறகு கீழ் வரிசையை, பிறகு மேல் வரிசையை. அங்கேயே நின்றது. வெளியே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். அது நாலாவது தடவை உறுமி அடங்கிய பிறகுதான் அவர் பேசினார்.

"தாளு பழசு. ஈரம் ஏறியிருக்கும்."

"ஈரம் ஏறினா எல்லாக் கோடும் கறுக்கும் சார். காலைல கீழ போய் ஏழாம் சில்லைப் பாத்தேன். மேல ரெண்டுதான்."

"யாரைக் கேட்டுத் தட்டைத் திறந்த?" குரல் உயர்ந்தது. பதினாறு வருஷத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. பிறகு அவரே தாழ்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, படத்தை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். ஃபிலிம் தாளில் ஐந்து கோடும் பளிச்சென்று கறுப்பாக, ஒரு குறையும் இல்லாமல் நின்றன. நல்ல கோடுகள். அதுதான் கொடுமை.

"சரி, இப்படிச் செய்யலாம்" என்றார். "அந்த ஒண்ணைச் சுரண்டிட்டு, புள்ளிக்கோடா போட்டுக் குடு."

அவளுக்குச் சட்டென்று மூச்சு விட முடிந்தது. புள்ளிக்கோடு! பொய் இல்லை, சந்தேகம். அட்டை நிற்கும், புத்தகம் நிற்கும், நாலு மணி வண்டியும் போகும். ஆறு புள்ளி வைத்தால் போதும். அவள் பேனாவை எடுக்கக் கையைக்கூட நீட்டினாள். பேனாவைத் தொட்டதும் ஏழாம் சில்லின் அந்த வழவழப்பு கண்முன் வந்தது.

"முடியாது சார்."

"என்ன முடியாது?"

"புள்ளி வச்சா அங்க கல்லு சிதைஞ்சு போயிருக்குன்னு அர்த்தம். அங்க கல்லு நல்லா இருக்கு. அந்த இடத்துல ஒண்ணும் வெட்டவே இல்ல."

"யாரும்மா போய் அந்தச் சில்லைப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே சார்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பேனாவைத் தானே எடுத்தார். மூடியைக் கழற்றினார். முனையைத் தாளுக்கு ஒரு விரல்கடை மேலே நிறுத்தினார். அவள் தடுக்கவில்லை, தடுக்க அவளுக்கு அதிகாரமும் இல்லை. அவர் கண் படத்தின் மூலைக்குப் போனது. அங்கே அவருடைய நீல டிக். பேனா நின்ற இடத்திலேயே நின்றது.

"இந்தத் தேதி..." என்றார்.

"கல்லு தொட்டியில இருந்துச்சு சார்."

"தெரியும்னு ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலை."

"வேற யாருக்குத் தெரியும்?"

"கிடங்கு அண்ணனுக்கு."

"அப்ப மிரட்டுறீங்க, ரெண்டு பேரும் சேர்ந்து."

"மிரட்டுறதா இருந்தா இதைத்தானே முதல்ல சொல்லியிருப்பேன்? எனக்கும் இதுல சந்தோஷமில்லை சார். நேத்துலேருந்து ஒரு வாய் இறங்கலை."

அவர் பேனாவை மூடவுமில்லை, வைக்கவுமில்லை. மேசைமேல் இருந்த கடிகாரம் இரண்டே கால் காட்டியது. நேரம் அவ்வளவு ஓடியது இருவருக்குமே தெரியவில்லை. அவர் ஏதோ கணக்குப் போடுவது தெரிந்தது. பத்தொன்பது வருஷம், ஒரு மாதம், ஒரு டிக். கடைசியில் மிகவும் களைத்த குரலில் கேட்டார்:

"தலையில்லாத பறவையைத் தலையில்லாமலே வரைஞ்ச ஆளு நீ. உனக்கு எப்படி இந்தச் சுருக்கம் கோடாத் தெரிஞ்சுது? எனக்கு அதைச் சொல்லு."

இதுதான் அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி. டிக் விஷயம்கூட இவ்வளவு பயமில்லை.

"எனக்கு எண் படிக்கத் தெரியும் சார்."

"என்னது?"

"எழுத்துத் தெரியாது. எண்ணு மட்டும். பொண்ணுக்கு வாங்கின புத்தகத்துல பாத்துக் கத்துக்கிட்டேன். அஞ்சுன்னா மேல மூணு, கீழ ரெண்டு. அப்படித்தான் இருக்கும்னு தெரிஞ்சதாலதான் போட்டேன். தெரியாம இருந்திருந்தா போட்டிருக்க மாட்டேன். நீங்க சொன்னதை நான் மீறிட்டேன். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போறேன்."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அவர் பேனாவின் மூடியைத் தேடி மாட்டினார். முதல் தடவை சரியாக உட்காரவில்லை, இரண்டாவது தடவை உட்கார்ந்தது.

"பிள்ளைங்க புத்தகம்" என்றார். "நான் அன்னிக்கு உன் படத்தைப் பாத்தேன். பதினஞ்சுன்னு இருந்துச்சு. எனக்கு அந்த எண்ணுதான் வேணும்னு மூணு வருஷமாத் தேடிக்கிட்டிருந்தேன். கல்லு வெளிய வரட்டும், ஒத்துப் பாத்துக்கலாம்னுதான் டிக் அடிச்சேன். வெளிய வந்த கல்லுக்கு மூஞ்சி இல்ல." பேனாவை மேசையில் வைத்தார். "நீயாவது எண்ணைக் கத்துக்கிட்டு ஏமாந்த. நான் மொத்தமும் கத்துக்கிட்டு ஏமாந்தேன்."

அவள் கழுத்துக் கயிற்றை முறுக்கினாள்.

மூன்றரைக்கே அச்சகத்து ஆள் வந்துவிட்டார். வாசலில் நின்று, "பெட்டி ரெடியாங்க?" என்றார். நல்ல உற்சாகமான மனிதர். படியேறி வந்த மூச்சுகூட அடங்கவில்லை. அட்டையைப் பார்த்து, "கலர் பிரமாதமா வந்திருக்குல்ல?" என்று வேறு கேட்டார்.

பேராசிரியர் எழுந்தார். அட்டையை எடுத்து முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்தார்.

"பெட்டி இன்னிக்கு வராது."

"நாளைக்கு வரட்டுங்களா?"

"சொல்லி அனுப்புறேன்."

"மெஷினை ஒதுக்கி வச்சிருக்கோம் சார். இந்த முறை விட்டா எப்போ கிடைக்கும்னு நான் சொல்ல முடியாது."

"தெரியும்" என்றார் பேராசிரியர். "புத்தகத்தோட பேரும் மாறும். அட்டையை அடிக்க வேண்டாம்னு சொல்லிருங்க."

ஆள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்குத் தெரியாமல் வந்துவிட்டவர் மாதிரி ஓசைப்படாமல் கிளம்பினார். படிகளில் அவர் காலடி இறங்கி மறைந்தது.

அவள் பிளேடை எடுத்தாள். ஃபிலிம் தாளில் மையைச் சுரண்டுவது நுட்பமான வேலை. அழுத்தினால் தாள் கிழியும், விட்டால் நிழல் தங்கும். குனிந்து, இரண்டு கண்ணாடியும் மாட்டி, மேல் வரிசையின் மூன்றாவது கோட்டை நுனியிலிருந்து சுரண்டினாள். கறுப்புத் தூள் பொடிப்பொடியாக எழுந்தது. ஊதாமல் தூரிகையால் தள்ளினாள். நாலு கோடு நின்றது, ரெண்டுக்கு ரெண்டு. பக்கத்தில் வெற்றிடம். பேராசிரியர் அருகில் வந்து நின்று பார்த்தார். தன் நீல டிக்கை ரப்பரால் தானே அழித்தார்.

அவள் நிமிர்ந்தாள். பதினாறு வருஷத்தில் அவரிடம் அவள் கேள்வி என்று எதையும் கேட்டதில்லை. அளவு கேட்பாள், தாள் கேட்பாள், விடுமுறை கேட்பாள். இப்போது கேட்டாள்.

"சார், இது ஒண்ணுதானா? கல்லைப் பாக்காம டிக் அடிச்சது?"

அவர் ரப்பரை வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். வெற்றுத்தாள் ஒன்றை இழுத்து, நீலப் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் கொஞ்சம் யோசித்தார். ஒன்றை எழுதி அடித்துவிட்டு, திரும்ப அதையே எழுதினார். முடித்து, தாளை அவள் பக்கம் தள்ளினார்.

ஏழு எண்கள்.

அவள் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் எண்ணின் தாள்படியைத் தேட இழுப்பறைக்குப் போனாள்.